பேரப்பிள்ளைகளுக்கு வசந்த காலத்தில் ஒரு கடிதம்: குடும்பச் செய்தியோடு விசுவாசத்தை எப்படி எழுதுவது?

ஐயா, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஏழு பேரப்பிள்ளைகள், ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். ஈஸ்டரை ஒட்டி எல்லாருக்கும் ஒரு கடிதம் எழுத ஆசைப்படுகிறீர்கள். இந்த ஓராண்டில் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. உங்கள் தம்பி காலமாகிவிட்டார். இளைய மகளின் திருமண வாழ்வு முறிந்திருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மூத்த பேரன் தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டான். "செய்தியை எப்படியாவது எழுதிவிடுவேன். என் விசுவாசத்தை எழுதப் போனால் அது பிரசங்கமாகிவிடுகிறது, எழுதாமல் விட்டால் மனசாட்சி குத்துகிறது. என்ன செய்ய?" என்று கேட்கிறீர்கள்.

விசுவாசத்துக்கென்று கடிதத்தில் தனிப்பக்கம் ஒதுக்காதீர்கள். நடந்ததை எழுதுங்கள், அது நடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். விளக்கம் தேவைப்பட்டால் பிள்ளைகளே கேட்பார்கள். என் பதில் இவ்வளவுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு வயது 74. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓய்வுநாள் பள்ளியில் வகுப்பு எடுத்திருக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் கடிதம் எழுதத் தொடங்கி 19 ஆண்டுகள் ஆகின்றன. முதல் சில ஆண்டுகள் நான் எழுதியவை எல்லாம் ஒரே அச்சு. மூன்று பக்கம் செய்தி, நான்காம் பக்கம் வேதபாடம். அந்த நான்காம் பக்கத்துக்குத்தான் அதிகம் உழைப்பேன். வசனங்களைத் தேடி எடுத்து, வயதுக்கு ஏற்ற சொற்களில் எழுதி, இரண்டு முறை படியெடுப்பேன். ஒரு முறை என் மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அம்மா, பிள்ளைங்க மூணு பக்கமும் ஆசையா படிக்கிறாங்க. நாலாவது பக்கம் வந்ததும் மடிச்சு வச்சிடறாங்க." அன்று எனக்கு வலித்தது. ஆனால் அவன் சொன்னதில்தான் பதிலும் இருந்தது. அவர்கள் ஆசையாகப் படிக்கிற மூன்று பக்கங்களில் நான் விசுவாசியாகவே தென்படவில்லை. காய்ச்சல், தேர்வு, வீடு மாற்றம், பிறந்தநாள் என்று எழுதிய அந்தப் பக்கங்களில் ஆண்டவருக்கு இடமே இல்லை. என் விசுவாசத்தை வாழ்க்கையிலிருந்து பிரித்துத் தனியாகக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர்கள் அதைத் தனியாக எடுத்து வைத்ததில் வியப்பென்ன?

வேதாகமத்தையே இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று அது வற்புறுத்தும் இடங்கள் பல. அவற்றில் முக்கியமான இரண்டு இடங்களில் பெரியவர் முதலில் பேசுவதில்லை. யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையை ஆசரிக்கச் சொல்லும்போது, இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது இப்படிச் சொல்லுங்கள் என்றே வருகிறது. இன்றும் யூத வீடுகளில் பஸ்கா இரவன்று கேள்வி கேட்பது வீட்டின் கடைக்குட்டிதான்: இந்த இரவு மற்ற எல்லா இரவுகளிலிருந்தும் ஏன் வேறுபட்டிருக்கிறது? அந்தக் கேள்விக்குப் பிறகே பெரியவர்கள் கதையைத் தொடங்குகிறார்கள்.

இன்னொன்று யோசுவா 4. அதுவும் ஒரு வசந்தகாலச் சம்பவம்தான். எபிரெயர் கணக்கில் முதலாம் மாதம் பத்தாம் தேதி, யோர்தான் ஆறு கரைபுரண்டு ஓடுகிற அறுப்புக்காலம். இஸ்ரவேல் ஜனங்கள் ஆற்றைக் கடந்ததும், கோத்திரத்துக்கு ஒன்றாக 12 கற்களை ஆற்றின் நடுவிலிருந்து தூக்கி வந்து கில்காலில் நாட்டுகிறார்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் இந்தக் கற்கள் ஏது என்று கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள் என்கிறார் யோசுவா. அந்தக் கற்களில் எதையும் எழுதச் சொன்னதாக அந்த அதிகாரத்தில் இல்லை. எழுத்தில்லாத கல் ஒரு வயலில் நின்றால் குழந்தை கட்டாயம் கேட்கும். உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு செய்தியும் அப்படி ஒரு கல்லாக இருக்கட்டும், ஐயா. கல்லை நடுவது நம் வேலை. கேள்வி அவர்களிடமிருந்து வரவேண்டும்.

என் அனுபவத்தில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரியில் என் கணவர் இறந்தார். அந்த ஆண்டு ஈஸ்டர் ஆராதனைக்குப் போனேன். ஆனால் உயிர்த்தெழுதல் பாட்டு தொடங்கியபோது என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ஐம்பது ஆண்டுகளாக அவர் பக்கத்தில் நின்று பாடிய பாட்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரம் கடிதம் எழுதும்போது நீண்ட யோசனைக்குப் பிறகு ஒரே ஒரு வரி சேர்த்தேன்: "ஈஸ்டர் காலை கோவிலுக்குப் போனேன். எல்லாரும் பாடினார்கள், நான் பாடவில்லை, உட்கார்ந்து கேட்டேன்." அவ்வளவுதான். ஏன் என்று எழுதவில்லை, அதற்கு வசனமும் போடவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு பேத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். அப்போது அவளுக்கு 15 வயது. பள்ளிக்கூடம், மழை, தோழிகள் என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, "பாட்டி, அன்னைக்கு நீங்க ஏன் பாடல?" என்று கேட்டாள். இரண்டு மணி நேரம் பேசினோம். தாத்தாவைத் திரும்பப் பார்ப்பேன் என்று நம்புகிறேனா, நம்புகிறேன் என்றால் ஏன் அழுகிறேன், அழுகிறேன் என்றால் என் நம்பிக்கை குறைந்துவிட்டதா என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். ஆண்டாண்டாக நான் எழுதிய நான்காம் பக்கங்கள் எதுவும் இப்படி ஒரு கேள்வியைக் கொண்டு வந்ததில்லை. தம் நண்பன் லாசரு இறந்தபோது அவன் கல்லறையில் இயேசு கண்ணீர் விட்டதை அன்று அவளிடம் சொன்னேன். அவள் கேட்டதால் அது பதிலாக இருந்தது. கடிதத்தில் எழுதியிருந்தால் பாடமாகப் போயிருக்கும்.

ஆய்வாளர்கள் கண்டதும் இதற்கு அருகில் வருகிறது. அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்ன் பெங்ட்சன் என்ற சமூகவியல் அறிஞர் 1970 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ 35 ஆண்டுகள், 350-க்கும் மேற்பட்ட குடும்பங்களை நான்கு தலைமுறையாகப் பின்தொடர்ந்தார். மொத்தம் 3,500 பேர் அளவில் விசாரிக்கப்பட்டார்கள். ஒரு தலைமுறையின் நம்பிக்கை அடுத்த தலைமுறைக்கு எப்போது சேர்கிறது என்பது அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று. பெற்றோர் எவ்வளவு பக்தியாக இருந்தார்கள் என்பது மட்டும் போதவில்லை, பிள்ளை அவர்களிடம் எவ்வளவு நெருக்கத்தை உணர்ந்தது என்பதே பெரிதாக இருந்தது. குறிப்பாகத் தகப்பனின் அன்பு. பக்தி நிறைந்து, ஆனால் விறைப்பாகவும் எட்டவும் நின்ற பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் விலகியே போனார்கள். தாத்தா பாட்டிகளின் செல்வாக்கு பலர் நினைப்பதைவிட அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. உங்கள் பேரனைப் பற்றி நினைக்கும்போது இதை மறக்காதீர்கள். விலகிப்போனவர்களைக் குடும்பம் பொறுமையோடு தாங்கிய இடங்களில் சிலர் திரும்பியும் வந்தார்கள்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உளவியல் அறிஞர்கள் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும் செய்த வேலையும் உங்களுக்கு உதவும். பிள்ளைகளிடம் அவர்கள் 20 கேள்விகள் கேட்டார்கள். உன் அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா, தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா என்ற வகைக் கேள்விகள். அதிகம் தெரிந்து வைத்திருந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. விடைகளை மனப்பாடம் செய்ய வைத்தால் இது நடந்துவிடாது என்று டியூக்கே எச்சரிக்கிறார். உட்கார்ந்து பேசிப் பேசிக் கழிந்த நேரமும், அந்த நேரம் வளர்த்த உறவும்தான் அதற்குப் பின்னால் இருக்கின்றன. அவர்கள் கவனித்த இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. எப்போதும் ஏறுமுகமாகவே சொல்லப்படும் குடும்பக் கதையைவிட, ஏறினோம், விழுந்தோம், சேர்ந்து நின்றோம் என்று சொல்லப்படும் கதையே பிள்ளைகளுக்கு அதிக பலம் தருகிறது.

78-ஆம் சங்கீதமும் இதையே செய்கிறது. பின்வரும் சந்ததிக்கு மறைக்காமல் சொல்வோம் என்று தொடங்கும் 72 வசனங்கள் கொண்ட அந்தப் பெரிய சங்கீதம், மறைக்காமல் சொல்லுவது எதை? கடவுளின் செயல்களை மட்டுமா? முன்னோர் முரண்டு பிடித்ததையும், மறந்ததையும், நன்றி கெட்டு நடந்ததையும் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. உங்கள் பிதாக்களைப்போல் ஆகாதிருங்கள் என்று சொல்வதற்காகவே கதையைத் தொடங்குகிறது. குடும்பத்தின் தவறுகளை ஒளித்துவிட்டு விசுவாசத்தை மட்டும் கையளிக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

இனி உங்கள் மூன்று செய்திகளுக்கு வருகிறேன்.

பிறப்பு எளிது. ஆனால் எளிதானதைத்தான் நாம் பொதுவான சொற்களில் கரைத்துவிடுகிறோம். "கர்த்தருடைய பெரிதான கிருபையால் நம் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது" என்று எழுதினால் அது எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும் வாக்கியம். இப்படி எழுதிப் பாருங்கள்: "விடியற்காலை நான்கு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. இந்த நேரத்தில் வந்தால் கெட்ட செய்தியாகத்தான் இருக்கும் என்று பயந்து, எடுப்பதற்கு முன் ஒரு கணம் ஜெபம் செய்தேன். எடுத்ததும் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தூங்கவில்லை. உங்கள் எல்லாருடைய பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்." இதில் கிருபை என்ற சொல் இல்லை. பயமும் ஜெபமும் நன்றியும் மூன்றும் இருக்கின்றன, படிக்கிற பிள்ளை தன் பெயரும் அன்று சொல்லப்பட்டது என்று அறிந்துகொள்கிறது.

தம்பியின் மரணத்துக்கு நிறைய இடம் கொடுங்கள். தேதி, எங்கே, யார் கூட இருந்தார்கள், கடைசியாக உங்களிடம் என்ன பேசினார் என்பதை எழுதுங்கள். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று நாம் எழுதும் வழக்கம் அழகானதுதான், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தூங்குகிறார் என்றே விளங்கும், அப்புறம் தூங்கப் பயப்படும் பிள்ளைகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். சின்னவர்களும் படிக்கும் கடிதம் என்றால் இறந்துவிட்டார் என்ற சொல்லை ஒரு முறையாவது எழுதுங்கள். அவருடைய ஒரு குணத்தைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். உங்களுக்கும் அவருக்கும் தீராத மனத்தாங்கல் ஏதாவது இருந்திருந்தால் அதைப் பேரப்பிள்ளைகள் முன் விரிக்க வேண்டியதில்லை. இருந்து அது தீர்ந்திருந்தால், எப்படித் தீர்ந்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். மன்னிப்பைப் பற்றி நீங்கள் எழுதக்கூடிய பத்துப் பக்கத்தைவிட அந்த நான்கு வரி மேல்.

இங்கே வசந்தத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஈஸ்டரையும் வசந்தத்தையும் சேர்த்தே பேசிப் பழகிவிட்டோம். அந்த உறவுக்கு வரலாறு இருக்கிறது. பஸ்கா வரும் மாதத்தை வேதம் ஆபிப் என்று அழைக்கிறது, வாற்கோதுமை கதிர் பால்பிடித்துப் பசுமையாக நிற்கும் பருவம் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். இயேசு சிலுவையில் அறையப்பட்டது பஸ்கா சமயத்தில். 325-இல் நிசேயாவில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கம் எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறில் உயிர்த்தெழுதலைக் கொண்டாட வேண்டும் என்று முடிவுசெய்தது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்ற கணக்கு நிலைபெற்றது. அதனால்தான் பண்டிகை மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28. கணக்குப் பிடிக்கும் பேரப்பிள்ளை யாராவது இருந்தால் இதைக் கடிதத்தில் எழுதுங்கள், அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். கடைசி எல்லையான ஏப்ரல் 25 அன்று ஈஸ்டர் 1943-இல் வந்தது, இனி 2038-இல்தான் வரும். அன்றைக்கு என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று என் பேரப்பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறேன்.

ஆனால் குளிர்காலம் போய் மரம் துளிர்ப்பதுபோல மரித்தவர்களும் எழுவார்கள் என்று துக்கத்தில் இருப்பவருக்கு எழுதாதீர்கள். என் கணவர் இறந்தபோது அப்படிப் பல கடிதங்கள் வந்தன. எல்லாம் அன்போடு எழுதியவைதான். ஆனால் மொட்டையாக நிற்கும் மரம் செத்த மரம் அல்ல என்பது எனக்குத் தெரியும். அது குளிரில் வளர்ச்சியை நிறுத்தி வைத்திருக்கிறது. ஆப்பிள் போன்ற மரங்களின் மொட்டுகள் போதுமான குளிரைக் கண்டபிறகே சரியாக விரியும். வசந்தம் ஆண்டுதோறும் தானாக வருகிறது, இறந்தவர் அப்படி வருவதில்லை. பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும், நாம்தான் தெரியாததுபோல எழுதுகிறோம். ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ இருக்கும் பேரப்பிள்ளைக்கு ஈஸ்டர் இலையுதிர் காலத்தில் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். வசந்தத்தின் மேல் கட்டிய நம்பிக்கை அங்கே எப்படி நிற்கும்?

யோவான் 20-ஐப் படித்துப் பாருங்கள். இயேசுவின் கல்லறையருகே மகதலேனா மரியாள் நிற்பது ஒரு தோட்டத்தில், வசந்தகாலத்து விடியற்காலையில். அவளைச் சுற்றி என்னென்ன பூத்திருந்தனவோ. அவள் அழுதுகொண்டே நிற்கிறாள். எதிரில் நிற்கும் இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். வசந்தம் அவளை ஆற்றவில்லை. "மரியாளே" என்று தன் பெயரைக் கேட்டபோதுதான் திரும்புகிறாள். இதிலிருந்து கடிதத்துக்கு ஒரு நடைமுறை வழி கிடைத்தது எனக்கு. ஏழு பேருக்கும் ஒரே கடிதம் எழுதினாலும், ஒவ்வொருவர் பெயரும் ஒரு முறையாவது வரவேண்டும், அந்தப் பெயரோடு அவருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு செய்தி வரவேண்டும். மதிப்பெண், பரிசு, சம்பளம் வேண்டாம், ஒப்பீடு வந்துவிடும். "நீ போன முறை வந்தபோது நட்டுவிட்டுப் போன செடி இந்த வாரம் பூத்தது" போன்ற ஒன்று போதும்.

மகளின் மணமுறிவு உங்கள் செய்தி அல்ல, அவருடையது. அவரிடம் கேட்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். எழுதியதை அனுப்புவதற்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் ஒரு முறை ஒரு பேரன் தேர்வில் தவறியதை, அவனுக்காக எல்லாரும் ஜெபியுங்கள் என்று நல்ல எண்ணத்தில் எழுதிவிட்டேன். ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் பிள்ளையின் அவமானத்தை ஆறு வீடுகளுக்கு அனுப்பிவிட்டேன் என்பது அவன் ஓராண்டு என்னிடம் பேசாமல் இருந்தபோதுதான் உறைத்தது. அவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். மகள் சம்மதித்தால், சுருக்கமாக, யார் பக்கம் தவறு என்று தீர்ப்புச் சொல்லாமல் எழுதுங்கள். மருமகன் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் அப்பாதான். உங்கள் வீட்டுக் கதவு அவர்களுக்கு எப்போதும் திறந்திருக்கிறது என்பதை மட்டும் தெளிவாக எழுதிவிடுங்கள்.

மூத்த பேரன் விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அவனைத் திருத்துவதற்காகப் பொதுக் கடிதத்தில் ஒரு பத்தியை மறைத்து வைக்காதீர்கள். அவன் உடனே கண்டுகொள்வான். மற்ற ஆறு பேரும் கண்டுகொள்வார்கள். அவனைப் பற்றிய செய்தியை மற்றவர்களைப் பற்றிய செய்தி போலவே, அதே அன்போடு எழுதுங்கள். பிறகு அவனுக்கு மட்டும் அரைப் பக்கம் தனியாக எழுதி உறையில் வையுங்கள். அதில் அவன் உங்களிடம் உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். தாத்தாவிடம் ஒளிக்காமல் சொல்லும் அளவுக்கு அவன் உங்களை நம்பியிருக்கிறான், அது சிறிய விஷயமல்ல. அதன்பின் உங்களுடைய ஒரு சந்தேகத்தைச் சொல்லுங்கள். இத்தனை வயதில் உங்களுக்கும் ஒரு இருண்ட காலம் இருந்திருக்கும். மாற்கு 9-இல் நோயுற்ற மகனைக் கொண்டு வரும் தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் கண்ணீரோடு சொல்கிறான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். அந்தத் தகப்பன் பேசிய மொழியில்தான் தாத்தாக்களும் பேரனோடு பேச முடியும்.

தோமாவை நாம் சந்தேகத் தோமா என்று பெயர் வைத்துச் சிறுமைப்படுத்திவிட்டோம். அந்தப் பகுதியில் என்னைத் தொடுவது இன்னொன்று. மற்ற சீஷர்கள் கர்த்தரைக் கண்டோம் என்று சொன்னார்கள், தோமா நம்பமாட்டேன் என்றான். அதற்கு எட்டு நாளைக்குப் பிறகு அதே வீட்டில், அதே ஆட்களோடு அவனும் இருக்கிறான். அந்த எட்டு நாளும் நம்பாதவன் ஒருவன் நம்பியவர்களோடு இருந்திருக்கிறான், அவனை யாரும் வெளியே அனுப்பவில்லை, அவனும் போகவில்லை. அவர்கள் அவனோடு வாதாடி வென்றார்கள் என்று எங்கும் எழுதப்படவில்லை. கதவு அவனுக்கும் உள்ளேயிருந்துதான் பூட்டப்பட்டிருந்தது. உங்கள் பேரனுக்கு அந்த எட்டு நாள் எட்டு ஆண்டாக நீளலாம், உங்கள் காலத்துக்குப் பின்னும் நீளலாம். அவன் அந்த அறையில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அதனாலேயே என் கடிதத்தை ஈஸ்டருக்கு முன் அனுப்பாமல், ஈஸ்டருக்கும் அடுத்த ஞாயிறுக்கும் இடைப்பட்ட வாரத்தில் எழுதுகிறேன். பண்டிகை வாழ்த்துகளின் நெரிசல் ஓய்ந்திருக்கும், தோமாவைப் போன்றவர்களுக்கு எழுத அது பொருத்தமான வாரமும்கூட.

இன்னொரு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். பதினெட்டு வயதுக்குக் கீழ் இருக்கும் பேரப்பிள்ளைகளின் பெற்றோர் வேறு நம்பிக்கையிலோ நம்பிக்கையில்லாமலோ வாழ்ந்தால், அவர்களைத் தாண்டிப் பிள்ளைகளிடம் போகாதீர்கள். கடிதம் பெற்றோரும் திறந்து படிக்கக்கூடியதாக இருக்கட்டும். அப்போஸ்தலன் பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. அந்த வீட்டில் விசுவாசம் பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் வழியாகவே வந்தது. லோவிசாளைப் பற்றி வேதாகமம் முழுவதிலும் இருப்பது ஒரே ஒரு வசனம். அவள் பேசிய ஒரு சொல்லும் நமக்குக் கிடைக்கவில்லை. பவுல் அவளுடைய விசுவாசத்துக்கு மாயமற்றது என்று ஒரே அடைமொழி கொடுக்கிறார், அதாவது பாசாங்கு இல்லாதது. நான் ஒவ்வொரு கடிதத்தையும் எழுதி முடித்ததும் அந்தச் சொல்லை வைத்துத்தான் வாசித்துப் பார்க்கிறேன். எந்த வரி பக்தியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டதோ அதை அடித்துவிடுவேன். ஒரு கடிதத்தில் ஐந்தாறு வரியாவது போய்விடும்.

மற்றவை சின்ன விஷயங்கள். மேலே தேதியை ஆண்டோடு முழுமையாக எழுதுங்கள். இறந்தவர்களையும் தூரத்து உறவினரையும் பெயரோடும் உறவுமுறையோடும் குறிப்பிடுங்கள், முப்பது ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு "சின்னத் தாத்தா" என்றால் யார் என்று தெரியாது. முடிந்தால் கையால் எழுதுங்கள். கை நடுங்கினால் நீங்கள் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதட்டும், கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். பால்பாயின்ட் மை வெளிச்சத்தில் வெளுக்கும், எழுதியதன் நகல் ஒன்றை வெயில் படாத இடத்தில் வையுங்கள். புகைப்படம் வைத்தால் பின்பக்கம் பென்சிலால் மெதுவாகப் பெயர்களை எழுதுங்கள்.

எத்தனை பக்கம் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு போதும். சிறுபிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு உறையில் ஒரு வெற்றுத்தாளையும் மடித்து வைத்து அனுப்புங்கள், எதையும் எழுதி அனுப்பலாம் என்று சொல்லி. எனக்குத் திரும்பி வந்தவற்றில் பாதி படங்கள்: பூனை, வீடு, மூக்குக் கண்ணாடி போட்ட நான். என் கணவர் இறந்த ஆண்டு வந்த ஒரு தாளில் ஏழு வயதுக் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது: "பாட்டி, தாத்தா இப்போ எங்கே இருக்காங்க?" அதற்கு நான் பதில் எழுத ஒரு வாரம் ஆனது.